ஹட்டனில் டேட்டா செட்டிங் போட்டுத் தரும் ஒரு சின்னக் கடை: போகலாமா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் போன் கடைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கவர் தொங்கும் கடை, கிளாஸ் ஒட்டும் கடை, ரீலோட் போடும் கடை என்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் "கோல் போகுது, நெட் மட்டும் வரமாட்டேங்குது" என்று போய் நின்றால் பாதிக் கடைகளில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை போய்விட்டது என்பார்கள், மீதிக் கடைகளில் வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நான் எழுதப்போவது இந்த இரண்டையும் சொல்லாத ஒரு கடையைப் பற்றி. அங்கே செட்டிங் பார்ப்பதுதான் முதல் வேலை, கவரும் கிளாஸும் பக்க வியாபாரம்.

பெயர் கேட்காதீர்கள். எழுதப்போகிறேன் என்று சொன்னதுமே "பேர மட்டும் போட்டுறாதீங்கண்ணே, ஞாயித்துக்கெழம கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று கும்பிட்டுவிட்டார் கடைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது, டிக்கோயா பக்கத்துத் தோட்டத்துப் பையன். பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுப் பக்கத்தில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. ஹட்டன்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் இருக்கும் மச்சான் தங்கைக்கு ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தார். அங்கே ஒரு தொலைபேசி நிறுவனம் தவணைக்குக் கொடுத்த போன், இப்போதைக்கு நல்ல மொடல்தான். இங்கே சிம்மைப் போட்டால் சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, கோல் போகிறது, மெசேஜ் வருகிறது, நெட் மட்டும் இல்லை. முதலில் காட்டிய வேறொரு கடையில் ஐசி, அதாவது போனுக்குள் இருக்கும் சில்லு, மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அந்தக் காசுக்கு இன்னொரு பழைய போனே வாங்கிவிடலாம். சிம் நிறுவனத்தின் கஸ்டமர் கெயாருக்கு எடுத்தால் பாட்டுத்தான் கேட்கிறது. அப்புறம்தான் கொட்டகலையில் ஒருவர் இந்தப் படிக்கட்டுக் கடையைச் சொன்னார்.

போனை நீட்டினேன், பையன் வாங்கவில்லை. "நீங்களே லொக்கத் தெறந்து கையில வச்சுக்குங்கண்ணே, நான் சொல்றத மட்டும் அழுத்துங்க" என்றார். முதல் கேள்வியே கோல் போகிறதா என்றுதான். போகிறது என்றதும் அப்படியானால் போன் அந்த நாட்டு நிறுவனத்துக்கு லொக் ஆகவில்லை, ஐசியும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். லொக் ஆன போன் என்றால் வேறு நிறுவனத்து சிம்மைப் போட்டதுமே அன்லொக் எண் கேட்கும், கோலும் போகாது. ஐசி மாற்றப் பெருந்தொகை கேட்ட இடத்தில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பிறகு செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க், அதற்குள் சிம், அதற்குள் கீழே ஏபிஎன், அதாவது போன் நெட்டுக்குப் போகும் வாசலின் பெயர். திறந்தால் பட்டியல் காலி.

விசயம் இதுதான். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் நாட்டுக்கு, இலங்கைக்கு 413. அடுத்த இரண்டு இலக்கம் நிறுவனத்துக்கு, மொபிடெல்லுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்சுக்கு 08. சிம்மைப் போட்டதும் போன் இந்த எண்ணைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் அதற்குரிய ஏபிஎன்னைத் தானே எடுத்துக்கொள்ளும். கொழும்பில் பெட்டியோடு வாங்கிய போனில் நாம் ஒன்றும் செய்யாமலே நெட் வருவது இதனால்தான். வெளிநாட்டு நிறுவனம் தன் மென்பொருளைப் போட்டு விற்ற போனில் அந்தப் பட்டியலில் நம் நாட்டு எண்களே இல்லாமல் போகலாம். சாதாரணக் கோலுக்கு இந்த ஏபிஎன் தேவையில்லை, அதனால் கோல் போகும். நெட்டுக்கு மட்டும் எந்த வாசல் வழியாகப் போவது என்று போனுக்குத் தெரியாது. பையன் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "பேக்டரி கேட்ல கொழுந்து லொறி வந்து நிக்குது, எங்க எறக்கணும்னு ஒருத்தரும் சொல்லல, அப்ப அங்கேயே தானே நிக்கும்?"

முதலில் "இயல்புநிலைக்கு மாற்று" என்பதை அழுத்திப் பார்த்தார், சில போனில் அதிலேயே வந்துவிடுமாம். இதில் வரவில்லை. பிறகு மேலே உள்ள கூட்டல் குறியைத் தொட்டு நானே எழுதினேன், அவர் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். பெயர் என்ற இடத்தில் என்னவும் போடலாம், உங்கள் பெயரைக்கூடப் போடலாம், அது நமக்கு அடையாளத்துக்குத்தான். ஏபிஎன் என்ற இடத்தில்தான் நிறுவனம் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். டயலொக் என்றால் நிறுவனத்தின் பெயரோடு இரண்டு 'பி' ஒட்டி வரும், ஹட்ச் என்றால் பெயருக்குப் பின்னால் 3ஜி ஒட்டி வரும். மற்றதற்கு நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள் என்றார். கீபோர்ட் மேலே காட்டும் சொல்லைத் தொட்டால் அது தானாகவே பின்னால் ஓர் இடைவெளியை விட்டுவிடும். கண்ணுக்கு அது தெரியாது, எழுத்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும், நெட் வராது. அதனால் சொல்லைத் தொடாமல் ஒவ்வோர் எழுத்தாக அடிக்கச் சொன்னார்.

ப்ரொக்சி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் காலியாகவே விடச் சொன்னார். அந்தக் காலத்து வாப் இணையத்துக்கு ப்ரொக்சியில் எண் போட்ட பழக்கம் இன்னும் எங்கெங்கோ எழுதிக் கிடக்கிறது, அதைப் பார்த்து நிரப்பினால் வருகிற நெட்டும் நின்றுவிடும். புரோட்டோகோல் என்ற இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்திருப்பதைத் தெரிவு செய்தோம். பிறகு மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு சேவ். இதைச் செய்யாமல் பின்னால் வந்தால் எழுதியது எல்லாம் போய்விடும். சேவ் ஆனதும் பட்டியலில் அதன் பக்கத்திலுள்ள வட்டத்தையும் தொட வேண்டும், சும்மா பட்டியலில் இருந்தால் போதாது. கடைசியாக விமானப் பயன்முறையைப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, எடுக்கச் சொன்னார். மேலே 4ஜி என்று வந்தது, வட்ஸ்அப் நிற்காமல் அடித்தது. என்னிடம் வாங்கியது 200 ரூபா.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டில் சில நிறுவனங்கள் சிம் கொடுக்கும்போது ஒரு புரொபைலை ஏற்றிவிடுவார்கள், அதற்குள் அவர்களுடைய ஏபிஎன் இருக்கும். அது இருக்கும்வரை இங்கே எந்த சிம் போட்டாலும் நெட் வராமல் அடம்பிடிக்கும். ஜெனரல் என்பதற்குள் விபிஎன்னும் டிவைஸ் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்த ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய் அந்தப் புரொபைலை நீக்கினால் சரியாகிவிடும். எனக்கு முன்னால் நின்றவருக்கு இதுதான் பிரச்சினை, பையன் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

என் வேலை முடிந்தும் நான் உடனே கிளம்பவில்லை, வெளியே மழை. எனக்கு அடுத்து மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு அம்மா. கொழுந்து எடுக்கிறவர், பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். அவருடைய முறைப்பாடு வேறு, வட்ஸ்அப்புக்கு மட்டும் போடுகிற டேட்டா காட் (கார்ட்) பற்றியது.

"தம்பி, வட்ஸ்அப் காட்டு போடுறேன், காலையில போட்டா மத்தியானம் காசு முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் வருது. கடையில ஏமாத்துறாங்களா?"

"ஏமாத்தலம்மா. மேல ஒரு சின்னச் சாவி மாதிரி படம் தெரியுது பாருங்க, இது யாரு போட்டது?"

மகன் போட்டது. எப்போது என்று கேட்டால் "அந்தப் போராட்டம் நடந்த வருசம்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கியபோது நாடு முழுக்க ஆளுக்கொரு விபிஎன், அதாவது முடக்கத்தைச் சுற்றிப் போக வைக்கும் செயலி, இறக்கினார்கள். அந்தச் சாவிப் படம் அதன் அடையாளம். அதற்கு முன்னால் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதே கதை. 2022இல் முடக்கியதை அன்று பின்னேரமே திறந்துவிட்டார்கள், விபிஎன்னை யாரும் நிறுத்தவில்லை. அது போனோடு போனாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கும் டேட்டா முடிவதற்கும் என்ன சம்பந்தம் என்றால், வட்ஸ்அப் காட், பேஸ்புக் காட் என்று தனியாகப் போடுகிறோமே, அதில் நிறுவனம் நாம் எந்தச் செயலிக்குப் போகிறோம் என்று பார்த்துத்தான் கழிக்கிறது. விபிஎன் போட்டிருந்தால் உள்ளே வட்ஸ்அப் போகிறதா வேறெதுவும் போகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் பொதுக் கணக்கில் கழிக்கும், பொதுக் கணக்கில் ஒன்றும் இல்லை என்றால் மெயின் பெலன்ஸில் கைவைக்கும். வட்ஸ்அப்புக்குப் போட்ட காசு தொடாமல் கிடக்க, ரீலோட் காசு கரையும். வருசக் கணக்காக அந்த அம்மாவின் போனில் இதுதான் நடந்திருக்கிறது, கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இலவச விபிஎன் என்றால் எல்லாம் எங்கோ தூரத்தில் உள்ள ஒரு கணினிக்குப் போய்ச் சுற்றி வருவதால் நெட்டும் மெதுவாகும்.

விபிஎன்னை நீக்கிவிட்டு அத்தோடு விடவில்லை. வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்தினார். தோட்டத்து குரூப், கோயில் குரூப், பள்ளிக்கூட குரூப் என்று மூன்று நாலில் இருக்கிற ஒருவருக்கு காலை வணக்கப் படங்களே ஒரு காட்டைத் தின்றுவிடும். கூகுள் போட்டோஸ் மொபைல் டேட்டாவில் ஏற்றுவதை நிறுத்தினார், பிளே ஸ்டோர் வைபையில் மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றினார். டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் எல்லை ஒன்றையும் வைத்தார், அந்த அளவு வந்ததும் போன் தானே டேட்டாவை நிறுத்திவிடும், மெயின் பெலன்ஸ் தப்பும். ஒவ்வொன்றையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ பாத்துக்க, அடுத்த தடவ பாட்டிக்கு நீதான் போடணும்" என்று காட்டிக்காட்டிச் செய்தார். நான் இந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் போடுவதற்கு முதல் காரணம் இதுதான். அடுத்த முறை அந்த அம்மா இங்கே வரத் தேவையில்லாமல் போகலாம் என்று தெரிந்தே சொல்லிக்கொடுக்கிறார்.

இரண்டாவது காரணம் கூகுள் கணக்கு. நம் பக்கத்தில் பல கடைகளில் நடப்பது இது: போன் வாங்கியதும் கடைக்காரரே ஒரு ஜிமெயில் திறந்து, தன் வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டு, பிளே ஸ்டோரைத் திறந்து கொடுத்துவிடுவார். வாங்கியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. எப்போதாவது திரை லொக்கை மறந்து, பொத்தான்களை அழுத்திப் போனை முழுசாக அழித்து ரீசெட் செய்தால் அன்ட்ரொய்ட் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், திருட்டுப் போனை மற்றவன் பாவிக்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. போன் நம்முடையதுதான், பாஸ்வேர்ட் மட்டும் தெரியாது, வெறும் கண்ணாடித் துண்டு. என் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நடந்தது, கணக்குத் திறந்து கொடுத்த கடை நினைவில்லை என்று கைவிரித்துவிட்டது. இந்தப் பையன் பாஸ்வேர்டைத் தான் அடிப்பதே இல்லை. ஆளையே அடிக்கச் சொல்லி, வீட்டில் பத்திரமாக இருக்கும் ஏதாவது கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறார். எழுதத் தெரியாதவர் என்றால் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஒரு பெரியவருக்கு அதில் கோபம், அவர் ஏசிக்கொண்டே போனதையும் பார்த்தேன். அந்த விசயத்தில் நான் பையன் பக்கம்.

இனி சிக்னல். மலையகத்தில் போன் பிரச்சினை என்றால் பாதி இதுதான். நெட் இல்லை என்று வருகிறவர்களில் செட்டிங் பிழை யாருக்கு, மலை மறைக்கிறது யாருக்கு என்று பிரிப்பதில்தான் இவருடைய கெட்டித்தனம்.

கோபுரம் ஒரு முகட்டில் நிற்கும். லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், ஓடைப் பக்கமாக, பள்ளத்தில், அந்த முகட்டுக்குப் பின்புறமாக இருக்கும். தேயிலைச் செடி மறைக்காது, மண் மலை மறைக்கும். கோபுரம் பக்கத்திலேயே இருந்தும் வீட்டுக்குள் ஒரு கோடு வராது, அதே நேரம் மூன்று மலை தாண்டி நேராகத் தெரியும் வேறொரு கோபுரத்திலிருந்து நன்றாக வரும். குறைந்த அலைவரிசை கொஞ்சம் தூரம் போகும், வளைந்தும் எட்டும். 900 மெகாஹேர்ட்ஸில் வரும் சிக்னல் பள்ளத்து வீட்டுக்கு எட்டும் இடத்தில் 1800இல் வரும் 4ஜி எட்டாமல் போகலாம். அதனால்தான் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே 4ஜி போய் 3ஜி, அதுவும் போய் 2ஜி என்று குதிக்கிறது. இப்படித் தேடித்தேடியே பெட்டரியும் இறங்கிவிடும்.

"எந்த சிம்முண்ணே நல்லது?" என்று யார் கேட்டாலும் இவர் உடனே பதில் சொல்வதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், லயம் ரோட்டுக்கு மேலேயா கீழேயா என்று கேட்கிறார். அதற்குப் பிறகும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை, பக்கத்து வீட்டில் யாருடைய போனில் நெட் ஓடுகிறது என்று பார்த்து, அந்த சிம்மைக் கொஞ்ச நேரம் வாங்கிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். கூடவே ஒரு வழி காட்டினார், இது எனக்கும் புதிது. போனைப் பற்றி என்ற இடத்துக்குள் சிம் நிலை என்று இருக்கும், அதில் சிக்னல் பலம் டிபிஎம் என்ற எண்ணில் தெரியும். மேலே தெரியும் கோடு போனுக்குப் போன் வேறுபடும், இந்த எண் பொய் சொல்லாது. 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நன்றாக ஓடும், மைனஸ் 110ஐத் தாண்டினால் இழுக்கும், 120ஐ நெருங்கினால் நெட்டை மறந்துவிடலாம். மைனஸை விட்டுவிட்டுப் பார்த்தால் எண் சிறியதாக இருப்பதுதான் நல்லது, மைனஸ் போட்டிருப்பதால் சிலர் குழம்புகிறார்கள். இதைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் எந்த ஜன்னல், எந்த மூலை என்று தெரிந்துவிடும். ஹொட்ஸ்பொட் போடுகிற போனை அந்த ஜன்னலில் வைத்தால் மற்றவர்கள் உள்ளே இருந்தே பாவிக்கலாம். கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாறைக்கும் தேயிலை மலை உச்சிக்கும் ஏறி ஒன்லைன் பாடம் படித்தபோது இதை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் சில வீடுகளிலாவது ஏற்றம் மிச்சமாகியிருக்கும்.

நான் நின்றபோது பொகவந்தலாவ பக்கத்திலிருந்து ஒருவர், யூடியூபில் பார்த்தேன், *#*#4636#*#* அடித்து 4ஜி மட்டும் என்று போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். பையன் மறுத்துவிட்டார். காரணம் சரியானது. 4ஜியிலேயே கோல் பேசும் வசதி அந்த போனிலும் சிம்மிலும் இல்லாவிட்டால், 4ஜி மட்டும் என்று பூட்டிய போனுக்குக் கோலே வராது. நெட் ஓடும், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கோல் கிடைக்காது. தானாக மாறும்படி விட்டுவிடுங்கள், வீடியோ பார்க்கிற நேரத்துக்கு மட்டும் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று வழியை மட்டும் காட்டினார். ஆள் திருப்தியில்லாமல்தான் போனார், என்ன செய்வது.

எந்தச் செட்டிங்காலும் சரி வராத நிலையும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து, பாதை உடைந்து, மின்சாரமும் போனபோது நமக்கெல்லாம் அது தெரிந்ததுதான். கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும், பெட்டரி எத்தனை நேரம் தாங்கும்? அந்த நாட்களில் ஏபிஎன்னை மாற்றிப் பார்த்தவர்கள் மின்சாரம் வந்த பிறகு அந்த மாற்றத்தாலேயே நெட் இல்லாமல் கடைக்கு வந்தார்களாம்.

இதையெல்லாம் விடச் சின்னச் சின்ன விசயங்கள். திகதி பிழையாக இருந்தால், அதாவது பெட்டரி செத்துக் கிடந்த போனை எழுப்பினால் எப்போதோ ஒரு வருசத்தைக் காட்டுமே, அப்போது 4ஜி இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் பாதுகாப்பு இல்லை என்று திறக்காது. பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் விளம்பரத்தைத் தடுக்க யாராவது எதையாவது எழுதி வைத்து, அந்தச் சேவை நின்றுபோனால் அதே கதை. இரண்டு சிம் போடும் போனில் டேட்டா எந்த சிம்முக்கு என்று மாறியிருந்தால் காட் போட்ட சிம் சும்மா கிடக்கும். சிம்மே 3ஜி காலத்துப் பழசு என்றால் என்ன போன் வாங்கினாலும் 4ஜி வராமல் போகலாம், அப்போது அதே எண்ணுக்குப் புது சிம் எடுக்க வேண்டும். 072 எண் வைத்திருக்கிற சிலர் இன்னும் எட்டிசலாட் செட்டிங் கேட்கிறார்களாம், அந்த நிறுவனம் 2018இலேயே ஹட்சோடு சேர்ந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் இவர் தனியாகக் காசு வாங்குவதில்லை, ஏதாவது ரீலோட் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்.

பழைய போன் வாங்கப் போகிறவர்களுக்கு அவர் கட்டாயம் சொல்வது ஒன்று உண்டு. *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். காசைக் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள், கொடுத்த பிறகு அனுப்பி என்ன பிரயோசனம்.

குறைகளும் இருக்கின்றன. விலை எழுதிய பலகை கிடையாது. எனக்கு 200, அந்த மஸ்கெலியா அம்மாவுக்கு அதைவிடக் கூடுதலான வேலை, அவரிடம் அதைவிடக் குறைவாக வாங்கினார். அது இரக்கம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் முன்பின் தெரியாதவர் ஒருவருக்கு என்ன சொல்வார் என்று தெரியாமல் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பில் கேட்டால் சிரிக்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே "கிளாஸ் கீறிருக்கேண்ணே, மாத்திருவமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், வேண்டாம் என்றால் கவரைக் காட்டுகிறார். அவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிற நாளில் கடையில் நிற்கிற தம்பிக்கு ரீலோட் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லாமல் எதையாவது அழுத்திப் பார்க்கிறார். அவர் கையில் போனைக் கொடுக்காதீர்கள். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, வயதானவர்கள் படிக்கட்டு ஏறி வந்து நின்றுகொண்டே காத்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். வாயால் சொல்வதை வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறோம், ஒரு துண்டில் நாலு வரி அச்சடித்து வைத்தால் என்ன செலவாகிவிடப் போகிறது?

வீட்டு ரவுட்டர் பற்றியும் கேட்டேன். அதில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை, வாங்கிய இடத்திலேயே கேளுங்கள் என்றார். ஆனால் ஒரு யோசனை சொன்னார். இரவு டேட்டா என்று தனியாகக் கிடைப்பது நள்ளிரவிலிருந்து காலை வரை, தோட்டத்தில் எல்லோரும் விடியக்காலையிலேயே எழும்புகிறவர்கள், அந்த நேரத்தில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது போனில் அப்டேட்டையும் போட்டுவிட்டால் பகல் டேட்டா மிஞ்சும். நகரத்து ஆளுக்கு இது தோன்றியிருக்காது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் போட்ட கையோடு வரும் நாட்களும் வேண்டாம், படிக்கட்டு வரை வரிசை நிற்கும். டிசம்பர் போயாவிலிருந்து மே மாதம் வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டன் பஸ் நிலையப் பக்கமே நெரிசல், அப்போது வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கதவைப் பாதி இழுத்துவிட்டுப் போய்விடுகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியாது. லொக் உடைக்கிற வேலை, மறந்த கூகுள் கணக்கை மீறித் திறக்கிற வேலை, இரண்டும் செய்வதில்லை, கெஞ்சிப் பிரயோசனமில்லை. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கூட வந்தால் நல்லது. புது சிம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், அடையாள அட்டையோடு அந்த ஆள்தான் நிறுவனத்தின் கிளைக்குப் போக வேண்டும், இன்னொரு பஸ் பயணம் மிச்சம்.